27 வயதில் எல்டிஎல் 168, பிபி 138/88. "40க்கு மேல் பார்த்துக்கலாம்" என்கிறார்கள், சரியா?

தரமணிப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆபீஸில் வருடாந்திர மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் வந்திருக்கிறது. வயது 27. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 168, எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 36, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 190. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. பிபி 138/88. உயரம் 172 செ.மீ., எடை 79 கிலோ. டீ குடிக்கும்போது ஒரு சிகரெட், அப்படி நாளைக்கு நாலைந்து. அப்பாவுக்கு 49 வயதில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சின்ன வயசு, எண்ணெயைக் குறைங்க, 40க்கு மேல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரூமில் இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அப்பா ஐசியூவில் கிடந்தது நினைவுக்கு வந்தால் தூக்கம் பிடிப்பதில்லை. காத்திருக்கலாமா, கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

தம்பி, பயப்படாதீர்கள். எங்கள் தாத்தா நெய்யும் கறியும் சாப்பிட்டு, பீடியும் குடித்து 88 வயது வரை இருந்தார். அவர் ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடுத்ததில்லை. இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற பையன்களே பொசுக்கென்று விழுகிறார்கள். ஆயுசு எவ்வளவோ அவ்வளவுதான். 27 வயதில் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொட்டால் சாகும்வரை விட முடியாது. மாத்திரை விற்பவர்களுக்குத்தான் லாபம்.

டாக்டர்_நெல்லை:

பொது மருத்துவம் பார்க்கிறேன். தரமணித் தம்பிக்கு முதலில் பதில்: காத்திருக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாரடைப்பு 50 வயதில் வருவதால் நோயும் 50 வயதில் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய ரத்தக்குழாய்ச் சுவரில் ஏதோ ஒரு கட்டத்தில் கொழுப்புப் படிவு இருந்தது. ஒருவருக்கும் நெஞ்சுவலி என்று ஒன்று வந்ததில்லை. பிறகு விபத்திலும் வன்முறையிலும் இறந்த 15 முதல் 34 வயதுக்காரர்களைப் பரிசோதித்த ஆய்விலும் இதே கதைதான். பதின்பருவத்திலேயே கொழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. சிகரெட், எல்டிஎல், ரத்தக்கொதிப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு அவை சீக்கிரமே தடித்திருந்தன.

எல்டிஎல் வட்டிக் கடன் மாதிரி. எவ்வளவு என்பது பாதிக் கணக்கு, எத்தனை வருடம் என்பது மீதிக் கணக்கு. 168 என்ற அளவு 27இல் தொடங்கி 50 வரை ஓடுவதும் 47இல் தொடங்கி 50 வரை ஓடுவதும் ஒன்றல்ல.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஒரு சின்னக் கோளாறோடு பிறக்கும் சிலருக்கு எல்டிஎல் ஆயுள் முழுக்கக் குறைவாகவே இருக்கும். 2006இல் வந்த அமெரிக்க ஆய்வில், அந்தக் கோளாறு உள்ள கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதய நோயோ 88 சதவீதம் குறைந்திருந்தது. 60 வயதில் மாத்திரையால் எல்டிஎல்லை அதே அளவு இறக்கினாலும் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. பிறந்ததிலிருந்து குறைவாக இருந்ததுதான் வித்தியாசம்.

இன்னொன்று, கார்டியா ஆய்வு. 1985, 86இல் அமெரிக்காவின் நான்கு ஊர்களில் 18 முதல் 30 வயது வரை உள்ள ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து, பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். எடை கட்டுக்குள் இருப்பது, புகைக்காதது, குடி இல்லாதது அல்லது அளவோடு இருப்பது, நல்ல உணவு, உடலுழைப்பு என்று ஐந்து விஷயங்களைப் பார்த்தார்கள். இந்த ஐந்தையும் இளமையிலிருந்து 20 வருடம் காப்பாற்றியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நடுவயதில் கொழுப்பு, பிபி, சர்க்கரை எல்லாம் நன்றாக இருக்கும் நிலையில் இருந்தார்கள். ஐந்தில் ஒன்றுமே இல்லாதவர்களில் அப்படி இருந்தவர்கள் சுமார் 3 சதவீதம்.

கரிசல்காட்டான் ஐயாவின் தாத்தாவை மதிக்கிறேன். அவர் காட்டில் உழைத்த உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைவிட, அவரோடு பீடி குடித்து 50இலேயே போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்ல இன்று வீட்டில் ஆள் இல்லை. இருந்தவரின் கதைதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

சிஸ்டர்_மேலூர்:

டாக்டர் கொழுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பிபியைப் பற்றிச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். தம்பி, அந்த 138/88 எப்படி எடுத்தது? செக்கப் கேம்பில் வரிசையில் நின்று, அவசரமாக வந்து உட்கார்ந்து, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே எடுத்ததாக இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதற்காகத் தள்ளியும் விடாதீர்கள்.

புஜத்தில் கட்டும் பிபி மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம். பிபி எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் டீயும் கூடாது, சிகரெட்டும் கூடாது. பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்ந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கி அதன் மேல் பட்டையைக் கட்டக் கூடாது. புஜம் பருத்தவர்களுக்குப் பெரிய பட்டை தேவை. சின்னப் பட்டையைக் கட்டினால் பிபி இல்லாதவருக்கும் கூடுதலாகவே காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் வந்தால் அது ரத்தக்கொதிப்புதான். அதற்குக் கீழே, ஆனால் 120/80க்கு மேலே என்றால் இப்போதே இறக்க வேண்டிய பிபி.

எங்களிடம் வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு பிபி இருந்ததே தெரிந்திருக்காது. 35 வயதில்கூட வருகிறார்கள், அதைப் பார்க்கத்தான் மனசு கேட்பதில்லை. பிபி பார்க்க எங்கள் இடத்தில் காசு கிடையாது. 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் நாங்கள் வீட்டுக்குப் போனால் அப்பா அம்மா கையை நீட்டுகிறார்கள், மகன் "எனக்கெல்லாம் எதுக்கு சிஸ்டர்" என்று உள்ளே போய்விடுகிறான்.

தரமணிப்பையன்:

சிஸ்டர், நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. நாலு மாடி ஏறிப் போய், உடனே எடுத்தார்கள். மெஷின் வாங்கிவிடுகிறேன். டாக்டர், நாலைந்து சிகரெட்தான். அதை இரண்டாகக் குறைத்தால் போதாதா?

டாக்டர்_நெல்லை:

போதாது. நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆபத்து ஏறும். இதயத்தில் அப்படி இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்குப்படி, நாளைக்கு 20 சிகரெட்டால் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறது. பக்கவாதத்திலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். எனவே 5ஐ 2 ஆக்குவதில் கிடைப்பது கொஞ்சம். 2ஐப் பூஜ்யம் ஆக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல செய்தியும் உண்டு. நிறுத்தி ஒரு வருடத்தில் சிகரெட்டால் கூடிய இதய ஆபத்து பாதியாகக் குறைகிறது. உங்கள் வயதில் நிறுத்தினால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம்.

உங்களுக்கு சிகரெட்டும் டீயும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச நாள் அந்தக் கடைக்கே போகாமல் டீயை வேறு இடத்தில் குடியுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலை நிறுத்த ஆலோசனை தருகிறார்கள். நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை எல்லாம் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். வெறும் வைராக்கியத்தால் நிறுத்துவதைவிட இவற்றின் துணையோடு நிறுத்துவதில் வெற்றி அதிகம்.

சமையல்கட்டு_சரசு:

உணவைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லோரும் எண்ணெய், எண்ணெய் என்கிறார்கள். எனக்கு உப்புதான் பெரிய கவலை. என் வீட்டுக்காரருக்கு பிபி வந்த பிறகு டயட்டீஷியன் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதி எழுதி வையுங்கள். 20 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 12 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர், பன், பிஸ்கட்டில் உள்ளது இதில் சேராது.

நான் முதலில் நிறுத்தியது சாதம் வடிக்கும்போது போடும் உப்பையும் சப்பாத்தி மாவில் போடும் உப்பையும். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு மோரில் நிறுத்தினேன். சண்டை வந்தது, இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. நாக்கு பழகிவிடும். இந்துப்பு போட்டால் பரவாயில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அதுவும் சோடியம்தான், பேர்தான் வேறு.

கரிசல்காட்டான்:

அம்மா சொல்வது சரி, உப்பு விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் நல்லது என்கிறார்களே, அதையும் இந்த டாக்டர் கெட்டது என்பாரா?

டாக்டர்_நெல்லை:

செக்கு என்பது ஆட்டும் முறை. அதில் உள்ள கொழுப்பின் வகை மாறாது. கடலை, எள் எண்ணெய் இரண்டும் நல்லவை, அளவு மட்டும் முக்கியம். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு, பாமாயிலில் பாதி. இரண்டும் எல்டிஎல்லை ஏற்றும். சட்னிக்கு அரைக்கும் தேங்காய் பிரச்சினை இல்லை. தினமும் அந்த எண்ணெயில் பொரிப்பதுதான் பிரச்சினை. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் நாட்டில் 2 சதவீத வரம்பு இருக்கிறது. ஆனால் பஜ்ஜிக் கடையில் காலையிலிருந்து காய்ந்து கறுத்த எண்ணெயை யார் சோதிக்கிறார்கள்?

எண்ணெயை விடவும் நம் தட்டில் பெரிய சிக்கல் வேறு. வெள்ளைச் சோறு மலையாக, காய் ஓரத்தில் ஒரு கரண்டி, பருப்பு தண்ணீராக. தரமணித் தம்பியின் ட்ரைகிளிசரைடு 190, எச்டிஎல் 36 இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகமான, இடுப்பில் சதை போடுகிற உடம்பு. இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கும் நமக்கு 23க்கு மேலேயே கூடுதல்தான், உங்களுக்கு 26.7. மெஸ்ஸில் சாப்பிடுபவரிடம் சிறுதானியம் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்காமல் இரண்டாவது தடவை கூட்டு வாங்குங்கள். சுண்டல், முட்டை, மோர், கொய்யா, வாழைப்பழம் தரமணியிலும் கிடைக்கும். நாலு டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள்.

நைட்ஷிப்ட்_நந்தினி:

எனக்கும் ஒரு சந்தேகம். வயது 31. இரண்டு வருடத்துக்கு முன் பிரசவத்தில் பிபி ஏறி, கால் வீங்கி, 35ஆவது வாரத்திலேயே சிசேரியன் செய்தார்கள். குழந்தை நலம். பிபி தானாக இறங்கிவிட்டது, மாத்திரையும் நிறுத்தியாயிற்று. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இப்போது மாதத்தில் பாதி நாள் இரவு வேலை, பகலில் ஐந்து மணி நேரத் தூக்கம். இந்த இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

டாக்டர்_நெல்லை:

கேட்டது நல்லது அம்மா. இது அதிகம் பேசப்படாத விஷயம். பேறுகாலத்தில் வந்த அந்த ரத்தக்கொதிப்பு, பிரசவத்தோடு இறங்கினாலும் ஒரு முன்னறிவிப்பு. அது வந்த பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கும், சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓடி) உள்ளவர்களுக்கும் கவனம் தேவை. வருடத்துக்கு ஒரு தடவை பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், இதய டாக்டராக இருந்தாலும், "பிரசவத்தில் பிபி இருந்தது" என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். கண்ணில் மின்னல் மாதிரி வந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருமானால் கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் அதையும் சொல்ல வேண்டும். அந்தச் சேர்க்கை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

தூக்கம் இதயத்துக்கு நேரடி விஷயம். அமெரிக்க இதயச் சங்கம் முதலில் ஏழு விஷயங்கள் வைத்திருந்தது. 2022இல் எட்டாவதாகச் சேர்த்தது தூக்கத்தைத்தான், 7 முதல் 9 மணி நேரம். ஷிப்டை மாற்ற முடியாது என்றால் அறையை இருட்டாக்குங்கள். ஐந்து மணி நேரத்தோடு மதியம் ஒன்றரை மணி நேரமாவது சேருங்கள். கைக்குழந்தை வீட்டில் அதற்கு இன்னொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள ஆண்களுக்கும் இதைக் காட்டுங்கள்.

சிங்காநல்லூர்_கோச்:

ஜிம்முக்குப் போகிறவன் விழுகிறான் என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். 15 வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை. 35 வயதுக்குள் இப்படி விழுபவர்களில் பலருக்குப் பிறவியிலேயே இதயத் தசையிலோ மின்னோட்டத்திலோ கோளாறு இருந்திருக்கும். 35க்கு மேல் என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த அடைப்பு. உடற்பயிற்சி அடைப்பை உண்டாக்குவதில்லை. சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போடுகிற பையன்கள் வேறு கதை. அது எச்டிஎல்லை விழவைத்து எல்டிஎல்லை ஏற்றும், இதயத் தசையையும் கெடுக்கும். என் ஜிம்மில் அப்படி ஒருவன் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

குடும்பத்தில் இளவயது மரணம் இருந்தாலோ, ஓடும்போது மயக்கமோ நெஞ்சு இறுக்கமோ வந்தாலோ முதலில் டாக்டர், பிறகுதான் ஜிம். மற்றவர்களுக்கு வாரம் 150 நிமிட வேக நடை போதும். பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. வார நாளில் நேரமில்லை என்றால் சனி ஞாயிறில் மொத்தமாகச் செய்யுங்கள், பலன் கிடைக்கும். திடீரென்று முதல் ஞாயிறே முழு மூச்சாக ஓடாதீர்கள். 2023 நவம்பரில் எல்லா மாவட்டத்திலும் 8 கி.மீ. நடைபாதை அறிவித்தார்கள். உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரியுங்கள்.

தரமணிப்பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் பிபி எடுத்தேன், சராசரி 131/84. டாக்டர், கடைசியாக ஒன்று. மாத்திரை தொடங்க வேண்டுமா? கரிசல்காட்டான் அண்ணன் சொன்ன மாதிரி ஆயுசுக்கும் போட வேண்டியிருக்குமா?

டாக்டர்_நெல்லை:

நேரில் பார்க்காமல் மாத்திரை சொல்ல மாட்டேன். எப்படி முடிவெடுப்பார்கள் என்று சொல்கிறேன். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், முதல் கொழுப்புப் பரிசோதனையை 18 வயதிலேயே எடுக்கச் சொல்லியிருக்கிறது. சாதாரண ஆபத்துள்ளவர்களுக்கே எல்டிஎல் 100க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் அப்பாவுக்கு 55க்கு முன்பே வந்ததால் நீங்கள் சாதாரணக் கணக்கில் இல்லை. ஆயுளில் ஒரு தடவை லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒருவகைக் கொழுப்பின் பரிசோதனையும் எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் பரம்பரை, உணவால் அவ்வளவாக மாறாது, சாதாரண கொழுப்புப் பரிசோதனையில் தெரியவும் தெரியாது. 50 மி.கி.க்கு மேல் என்றால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

எல்டிஎல் 190க்கு மேல் என்றால் பரம்பரைக் கொழுப்பு நோயைச் சந்தேகித்து உடனே மாத்திரைக்குப் போவோம். 168க்கு, சிகரெட்டை நிறுத்தி, எடையில் நாலைந்து கிலோ குறைத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது வழக்கம். தைராய்டும் சிறுநீரகமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் மாத்திரையை மறுக்காதீர்கள். நிறுத்த முடியாதபடி அது உடம்பைப் பழக்குவதில்லை. நிறுத்தினால் எல்டிஎல் பழைய இடத்துக்கு ஏறும், அவ்வளவுதான். தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களுக்கும் இந்த மாதமே பரிசோதனை எடுங்கள்.

சிஸ்டர்_மேலூர்:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டில் பெரியவர்களும் இருக்கிறார்கள். முகம் ஒரு பக்கம் இழுத்தால், கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், திடீரென்று நடை தள்ளாடினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. எப்போது தொடங்கியது என்று மணி பார்த்து வையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான். தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ஊசியால் விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி நேரத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சுவலி என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக்கூட வரலாம். 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரையைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம்.

கரிசல்காட்டான்:

மாத்திரை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, அது இருக்கட்டும். என் மகனுக்கு 24 வயது. சிகரெட் தொட மாட்டான். ஆனால் உதட்டுக்குள் புகையிலை வைக்கிற பழக்கம் இருக்கிறது. புகை இல்லையே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா டாக்டர்?

டாக்டர்_நெல்லை:

வரும் ஐயா. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மெல்லும் புகையிலை போடுபவர்களுக்கும் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதே ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருவதும் தெரிந்தது. மேலே கொடுத்த அதே இலவச எண்ணில் இதற்கும் ஆலோசனை உண்டு. அவரைத் திட்டாமல் கூட்டி வாருங்கள். அப்படியே ஒரு பல் டாக்டரிடம் வாயையும் காட்டச் சொல்லுங்கள். உதட்டுக்குள் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரிசல்காட்டான்:

சரி டாக்டர். எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான், பேசுகிறேன்.